முதல் இரண்டு வாரம்தான் கண்டம்

லேசான மனச்சோர்வுக்குச் செயலி தேடுபவர் முதலில் சிக்குவது சந்தாவில். ஏழு நாள் இலவசம் என்பார்கள்; எட்டாம் நாள் ஒரு வருடத்துப் பணம் மொத்தமாகப் போயிருக்கும். செயலியை நீக்கினாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ சந்தாப் பக்கத்துக்கே போய் ரத்து செய்ய வேண்டும், அதுவும் கெடு முடிவதற்கு ஒரு நாளாவது முன்னால். இந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அடுத்தது பிஎச்க்யூ-9, மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது. 10 வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை, ஆகவே தினமும் போட்டுப் பார்ப்பது வீண். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பைக் கேட்கிறது. மொத்தம் வெறும் 6 என்று திரை பச்சையாகக் காட்டினாலும், அந்த ஒன்றில் 0 இல்லையென்றால் போனை வைத்துவிட்டு அன்றே ஒரு மனிதரிடம் பேசுங்கள்.

பிறகு ஸ்ட்ரீக், அதாவது விடாமல் செயலியைத் திறந்த நாள்களின் எண்ணிக்கை. ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யம். ஏற்கெனவே ‘என்னால் எதுவும் முடியாது’ என்றிருக்கும் மனசுக்கு இது தேவையா? மனநலச் செயலிகள் பற்றி 2019இல் வந்த ஓர் ஆய்வில், 15ஆம் நாளிலும் தொடர்ந்தவர்கள், செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவாக, 3.9 சதவீதம்தான். ஸ்ட்ரீக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு நோட்டிஃபிகேஷனை மட்டும் வையுங்கள், பகலில்.

முகப் பொம்மையைத் தொட்டு மனநிலையைப் பதிவதோடு நின்றால் பெரிய பலன் இல்லை. துக்கத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவதாகவும் ஆகலாம். உண்மையில் பலன் தருவது, அன்றாடச் செயல்களைத் திட்டமிடும் பகுதி. சோர்வு வந்தால் செயல் குறையும், செயல் குறைந்தால் நிறைவு தருவதெல்லாம் நின்றுபோகும், சோர்வு இன்னும் கூடும். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. ‘உடற்பயிற்சி’ என்று எழுதாதீர்கள், ‘மாலை 5.30, பத்து நிமிட நடை’ என்று எழுதுங்கள். எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே 0–10இல் ஒரு மதிப்பெண், முடித்ததும் இன்னொன்று. 2 என்று போட்ட இடத்தில் 5 வரும் நாள் வரும். அது சின்ன வெற்றி இல்லை. நாளுக்கு ஒன்றிரண்டு போதும். ஏழு போட்டால் ஏழும் சிவப்பாகும்.

ஆறு வாரத்தில் பிஎச்க்யூ-9 எண் இறங்கவில்லையா? பதிவுகளை பிடிஎஃப்பாக எடுத்த பிறகே கணக்கை மூடுங்கள். மருத்துவர் ‘எப்போதிலிருந்து இப்படி?’ என்று கேட்கும்போது அந்தத் தாளை நீட்டலாம்.