பூஞ்சை வைத்த புள்ளி

ஏற்காட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய புத்தகங்களைப் பிரித்ததுமே தெரிந்துவிடும். பக்கமெல்லாம் பழுப்புப் புள்ளி. சேர்வராயன் மலையின் ஈரம் தாளுக்குள் இறங்கிப் பூஞ்சையாகப் பூத்தது அது. கண்ணால் படிப்பவர் அதைச் சட்டை செய்யமாட்டார். ஆனால் ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) கொடுத்து, பார்வையற்றவர் காதால் கேட்கும் கோப்பாக மாற்றும் வேலையில் முதல் தொல்லை அதுதான். எழுத்தின் தலைமேல் விழுந்த பூஞ்சையை மென்பொருள் மெய்யெழுத்தின் புள்ளியாக எடுத்துக்கொண்டு, ‘பல’ என்பதைப் ‘பல்’ ஆக்கிவிடும். மை மங்கிய அச்சில் இதற்கு நேர்மாறு: இருக்கிற புள்ளி காணாமல் போகும். ‘கல்வி’யில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்; பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. கேட்பவருக்குச் சிரிப்பு, சரிபார்த்தவருக்கு அவமானம்.

ஆகவே பாதி வேலை ஸ்கேனரிலேயே முடிய வேண்டும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு). அடிக்குறிப்பு மாதிரிப் பொடி எழுத்துக்கு 400. நேரடியாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பழுப்பும் மையும் ஒரே கறுப்பாகிவிடும். கிரேஸ்கேலில் இருந்தால் பிறகு வெளிச்சத்தைக் கூட்டிப் பழுப்பை மட்டும் வெளுக்க வைக்கலாம். ஸ்கேனர் மென்பொருளில் சின்னப் புள்ளிகளைத் துடைக்கும் ‘டெஸ்பெக்கிள்’ என்று ஒரு வசதி இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஆசையாக அதைத்தான் டிக் செய்வார்கள். ஆங்கிலத்துக்குச் சரி, தமிழில் அது பூஞ்சையோடு மெய்ப்புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும். தொடவே கூடாது. மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைக்க வேண்டும். வெள்ளை அட்டை வைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஓசிஆருக்கு இணையம் இருந்தால் கூகுள் டிரைவ், இல்லையென்றால் இணையமின்றியே ஓடும் டெசராக்ட் மென்பொருள். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘ணை’ எல்லாம் துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கும். அந்தப் புத்தகங்களில் சில பக்கங்களைத் திருத்துவதைவிடத் தட்டச்சு செய்துவிடுவது சீக்கிரம் முடியும்.

கணினியிலேயே தட்டச்சான கோப்பு வந்தால் நிம்மதி என்று நினைத்துவிட முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஆனால் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான என்விடிஏ ‘தமிழ்’ என்ற சொல்லை “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்கிற மாதிரிதான் வாசிக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பதுதான் தமிழ். வேர்ட் கோப்பு என்றால், தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றும் மாற்றியில் போடலாம். பிடிஎஃப் என்றால் படமாக மாற்றி ஓசிஆர் கொடுப்பதுதான் மிச்சம்.

யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியாத திருட்டு உண்டு. ‘அவர்’ என்பதை ரகரத்துக்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் போட்டு ‘அவா்’ என்று அடித்திருப்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. குரல் தடுக்கி விழும். காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால் ‘ா்’ என்று தேடி ‘ர்’ என்று மொத்தமாக மாற்றிவிடலாம். அதே தைரியத்தில் ‘கெளரவம்’ என்று ளகரம் போட்டு அடித்ததையும் ‘ெள’வைத் தேடி ‘ௌ’ என்று மொத்தமாக மாற்றினால் கதை கெட்டது. சேலத்துக் கொலுசின் வெள்ளி ‘வௌ்ளி’ ஆகிவிடும். வெளி, தெளிவு ஒன்றும் மிஞ்சாது. இதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஓசிஆர் ஒவ்வொரு வரி முடிவிலும் பத்தியை உடைத்து வைத்திருக்கும், குரல் அங்கங்கே நின்று நின்று போகும். வேர்டில் இரட்டைப் பத்திக் குறிகளை முதலில் ஏதாவது ஓர் அடையாளமாக மாற்றி, ஒற்றைக் குறிகளை இடைவெளியாக்கி, அடையாளத்தைத் திரும்பப் பத்திக் குறியாக்க வேண்டும். வரிசை மாறினால் புத்தகமே ஒரே பத்தியாகிவிடும். வரி ஓரத்தில் முறிந்த சொற்கள் அப்போதும் ஒட்டாது. பள்ளிக் தனியே, கூடம் தனியே கிடக்கும். அவற்றைக் காதுதான் பிடிக்கும். ஒருவர் அச்சுப் பிரதியைப் பார்க்க, என்விடிஏ வாசிக்க, மெதுவாகக் கேட்டுத் திருத்துவது அலுப்பான வேலை. குறுக்கு வழி கிடையாது.

பதிப்பாளரிடம் அனுமதி வாங்கினீர்களா என்று இன்னமும் கேட்கிறார்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்காக லாப நோக்கமின்றி இப்படி மாற்ற இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்ற வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.

அத்தியாயத் தலைப்புகளுக்கு வேர்டின் ‘ஹெடிங் 1’ பாணி கட்டாயம் வேண்டும்; எழுத்தைத் தடிமனாக்கினால் போதாது. என்விடிஏ-யின் பிரவுஸ் முறையில் எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவது அதை வைத்துத்தான். பக்கத்துக்குப் பக்கம் மேலே வரும் நூல் பெயரை நீக்கிவிடலாம். இல்லையென்றால் வாக்கியத்தின் நடுவே வந்து கத்தும். பக்க எண்ணை மட்டும் நீக்கக் கூடாது. வகுப்பில் ஆசிரியர் “47ஆம் பக்கம் எடுங்க” என்றால் மற்றவர்களோடு பார்வையற்ற மாணவரும் அங்கே போக வேண்டும்.