ஐடி எஞ்சினியரின் எம்பிஏ விண்ணப்பம்: குவியலில் கரையாமல் இருக்க

ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மாதிரியான இடங்களுக்கு விண்ணப்பிக்கும் சென்னை ஐடி எஞ்சினியருக்கு மதிப்பெண் பெரிய சிக்கல் இல்லை. அதே படிப்பு, அதே வேலை, அதே ஸ்கோரோடு இன்னும் நிறையப் பேர் நிற்பதுதான் சிக்கல். ஹார்வர்டில் ஒரு வகுப்புக்குச் சுமார் 930 இடம், ஸ்டான்ஃபோர்டில் சுமார் 430. உலகம் முழுக்கப் போட்டி.

எம்பிஏவுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் வாசற்படி, அவ்வளவுதான். இப்போதைய தேர்வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஸ்கோர் 205 முதல் 805 வரை. பழைய தேர்வின் 700 இதில் ஏறத்தாழ 645, அதனால் சீனியர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். மறுமுறை எழுத 16 நாள் காத்திருக்க வேண்டும். விண்ணப்பத்தின் முதல் சுற்று செப்டம்பர் தொடக்கத்திலேயே மூடிவிடும். ஜூனுக்குள் எழுதிவிட்டால் ஒருமுறை சறுக்கினாலும் சமாளிக்கலாம்.

ரெஸ்யூமே ஒரே பக்கம். ‘8 பேர் குழுவை வழிநடத்தி பேரோல் மாட்யூலை முடித்தேன்’ என்ற வரி எல்லார் கையிலும் இருக்கிறது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாதக் கடைசியில் 11 மணி நேரம் ஓடிய சம்பளக் கணக்கை 3 மணி நேரமாகக் குறைத்தேன், வாடிக்கையாளர் கேட்ட புதிய வசதியை அதற்காக ஒரு மாதம் தள்ளிவைக்கச் சம்மதிக்க வைத்தேன்.’ வேகத்தைக் கூட்டியது திறமை. தள்ளிவைக்கச் சொன்னது முடிவு. தேர்வுக் குழு தேடுவது இரண்டாவதை.

எஸ்ஸேவிலும் இதே கதைதான். ‘உங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது எது, ஏன்?’ என்று ஸ்டான்ஃபோர்டு கேட்கிறது. 650 சொல் வரை எழுதலாம் என்கிறது. பெரும்பாலான முதல் வரைவுகளில் 500 சொல் ‘எது’வுக்கே போய்விடும். ‘ஏன்’ கடைசிப் பத்தியில் மூச்சுவாங்கும். ஹார்வர்டு மூன்று குறுங்கட்டுரை கேட்கிறது: தொழில் நோக்கு 300 சொல், தலைமை 250, வளர்ச்சி 250. மூன்றிலும் ஒரே புராஜெக்டைப் பாடினால் இரண்டு கட்டுரை வீண். வளர்ச்சிக் கட்டுரையில் முடித்த ஆன்லைன் கோர்ஸ்களை அடுக்குவதும் வேண்டாம். உங்களைக் குடைந்த ஒரே ஒரு கேள்வி, அதற்காக யாரிடம் போய்க் கேட்டீர்கள், அதற்குப் பின் எதை மாற்றிச் செய்தீர்கள்: 250 சொல்லுக்கு அது போதும்.

நல்ல விண்ணப்பங்கள் கவிழ்வது பரிந்துரைக் கடிதத்தில். ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டுவிடுகிறேன்’ என்பார் மேனேஜர். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது விதிமீறல், எஸ்ஸேயின் நடையே கடிதத்திலும் வந்து காட்டியும் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக, இருவரும் சேர்ந்து செய்த ஐந்து வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கத்தில் குறித்து ஜூலையிலேயே கொடுங்கள். ‘விண்ணப்பதாரருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான குறை என்ன, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்?’ என்றும் மேனேஜரிடம் கேட்பார்கள். ‘அளவுக்கு மீறி உழைப்பார்’ என்று எழுதும் பாசக்கார மேனேஜர் உதவுவதாக நினைத்துக் கெடுக்கிறார். பெரிய பதவியில் இருக்கும் வைஸ் பிரசிடெண்டைவிட, உங்களைத் திட்டியிருக்கும் டீம் லீட் மேல்.

அரியர் இருந்தால் கூடுதல் தகவலுக்கான பகுதியில் நான்கே வரி: எந்த செமஸ்டர், என்ன காரணம், எப்போது முடித்தீர்கள். புலம்பல் கூடாது.

ஹார்வர்டு நேர்காணல் 30 நிமிடம், விண்ணப்பத்தை முழுக்கப் படித்தவரே கேட்பார். முடிந்த 24 மணி நேரத்துக்குள் அதைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். முன்பே தயாரித்து வைத்ததைப் போட்டால் உரையாடலின் சுவடே இருக்காது.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். ஜிமேட் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். பொருந்தாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டணமும் போச்சு.