கதவு திறக்கும் இடம்

வீட்டு வரைபடம் போடத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், 20-க்கு 40 அடி மனையில் ஒரு மாடி வீட்டைத் திட்டமிட்டுக் கொடுத்தேன். தளத்துக்குத் தளம் 10 அடி உயரம். ஒவ்வொரு படியின் உயரமான ஏற்றம் 6 அங்குலமாக 20 ஏற்றங்கள் எடுத்து, பாதியில் திருப்பினேன். ஒரு பக்கத்தின் பத்தாவது ஏற்றம் சமதளத்திலேயே முடிவதால், பக்கத்துக்குக் கால் வைக்கும் மிதிப்புகள் 10 அங்குல அகலத்தில் 9, அதாவது ஏழரை அடி. நடுவில் திரும்புவதற்கு 3 அடி லேண்டிங். படிக்கட்டுக்கு ஒதுக்கிய நீளம் 11 அடி என்பதால், மேலே ஏறி முடிக்கும் இடத்தில் எஞ்சியது அரையடி. அந்த அரையடியை ஒட்டிய சுவரில்தான், படிக்கு நேர் எதிரே, படுக்கையறைக் கதவை வைத்தேன்.

கட்டிலும் பீரோவும் போட்டால் கதவு உள்ளே திறக்க இடமிருக்காது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நிலையில் கதவு அமரும் பள்ளத்தை எந்தப் பக்கம் எடுப்பது என்று ஆசாரி தொலைபேசியில் கேட்டபோது, வரைபடத்தை எடுத்துக்கூடப் பார்க்காமல், வெளிப்பக்கம் என்று சொல்லிவிட்டேன்.

குடிபோன சில மாதங்களில், மகனுக்குக் காபி கொண்டுபோன அந்த வீட்டு அம்மா கடைசிப் படியில் கால் வைத்த நொடியில், மகன் உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறந்திருக்கிறார். இரண்டு கைகளிலும் தட்டு இருந்ததால் அம்மாவால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. நடு லேண்டிங் வரை உருண்டு விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் பார்க்கப் போனபோது, கதவின் ஓரத்தில் தட்டின் விளிம்பு பட்ட பிறை வடிவத் தழும்பும், சுவர் வெள்ளையில் காபி வழிந்த கறையும் அப்படியே இருந்தன. வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "நீங்க வரைஞ்ச வீடு சார், என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கதவை உட்பக்கம் மாற்றிப் போட்டால் மட்டும் போதாது. இருட்டில் எழுந்து வெளியே வருபவரின் முதல் எட்டே படியில் விழும். ஆகவே வாசலுக்கு நேராக அறைக்குள் 3 அடிக்கு ஒரு குழிவு எடுத்து, அதன் பக்கச் சுவரில் கதவை வைத்து, அது அறைச் சுவரை ஒட்டித் திறக்கும்படி செய்தோம். அறை சிறுத்தது, பீரோ வேறு அறைக்குப் போனது. அந்தச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன்.

வெளியேறும் வழிக் கதவு நேரடியாகப் படிவரிசையின் மேல் திறக்கக் கூடாது, கதவின் அகலத்துக்காவது அங்கே லேண்டிங் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கூறுகிறது. திறந்த கதவு படிவழியின் அகலத்தை 900 மில்லிமீட்டருக்குக் கீழே குறைக்கவும் கூடாது. தனி வீடு கட்டுபவர்களில் இதைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. படித்திருந்த நானும், அதைப் பெரிய கட்டிடங்களுக்கு உரியதாகவே எண்ணியிருந்தேன்.

மொட்டை மாடிக் கதவு இன்னும் சிக்கலானது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலில் 4 அங்குலமாவது மேடு கட்டுகிறோம். துணி வாளியோடு இறங்குபவருக்குத் தம் கால் தெரியாது; மேட்டைத் தாண்டியதும் படி தொடங்கினால் கால் தடுக்கியவர் நிற்க இடமில்லை. உள்ளே திறந்தால் கதவு படியை மறிக்கும். வெளியே திறந்தால் மழையில் நனைந்து மரம் உப்பும், காற்றில் அறைந்து மூடும். மேலே இரண்டடி சன்ஷேடும், திறந்த கதவை நிறுத்தச் சுவரில் ஒரு கொக்கியும் வைத்து, கதவை வெளிப்பக்கம் திறக்கவிட்டு, உள்ளே 3 அடி சமதளம் விடுவதையே நான் வற்புறுத்துகிறேன். அந்த 3 அடிக்காக ஏற்றத்தை 7 அங்குலத்துக்குச் சற்று மேலாக்கி, ஏற்றங்களின் எண்ணிக்கையை 20-லிருந்து 17-ஆகக் குறைத்ததுண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அதைச் செய்வதில்லை, அறையைத்தான் சுருக்கச் சொல்வேன்.

இப்போதெல்லாம் படிக்கட்டுக்கு சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு, அடிக்கும் முன்பு, வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் மனைக்கு வரச் சொல்கிறேன். படி ஏறி முடியும் இடத்தையும் கதவின் இடத்தையும் தரையில் அளந்து குறித்து, நிலை வரும் மூலையில் ஆணி அடித்து, கதவின் அகலத்துக்கு நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் கால்வட்டம் போடுகிறோம். பிறகு ஒருவர் கையில் நிறைகுடத்தோடு கடைசிப் படி வரும் கோட்டில் நிற்க, இன்னொருவர் உள்ளிருந்து கதவைத் திறப்பதுபோல் நூலைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நூல் குடத்தைத் தொட்டால் அன்றைக்கு சென்ட்ரிங் வேலை கிடையாது.