உவரியில் கொடுத்த அசனம்

அம்மாவின் நேர்ச்சை போன செவ்வாய்க்கிழமை தீர்ந்தது. மைனி, அதாவது என் அண்ணன் மனைவி, வாய்க்கு ருசியாக ஒரு வேளை சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டால் உவரிக் கடற்கரைக் கோயிலில் இருக்கிற புனித அந்தோணியாருக்குக் கிடா வெட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் அசனம் என்கிற விருந்துச் சாப்பாடு கொடுக்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். அண்ணனின் ஒரே மகன் பைக் விபத்தில் போனதிலிருந்து மைனி சுவரைப் பார்த்தே கிடந்தார். பாளையங்கோட்டையில் வைத்தியமும் நடந்தது. மாத்திரை போட்டால் தூங்குவார், அவ்வளவுதான்.

போன வருடம் அவரை உவரிக்குக் கூட்டிப்போய்த் தங்கினோம். அந்தோணியாரிடம் தொடர்ந்து 13 செவ்வாய்க்கிழமை வேண்டிக்கொள்வதன் அருமை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். 1231-ல் இத்தாலியின் பதுவை நகரில் புனிதரை அடக்கம் செய்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். ஆனால் அந்தக் கூட்டம் இருக்கிறதே! திசையன்விளையிலேயே பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இறங்கினால் “ரூம் வேணுமா” என்று ஒருத்தர் விடாமல் பின்னாலேயே வருகிறார். இன்னொருத்தர் மெழுகுவர்த்திக் கட்டை அம்மா கையில் திணித்துவிட்டு வாய்க்கு வந்த விலையைச் சொல்கிறார். அந்தோணியார் பெயரைச் சொல்லி இப்படியா பிழைப்பது?

உள்ளே போய் மைனியை அந்தோணியார் சுரூபத்துக்கு, அதாவது சிலைக்கு, முன்னால் உட்கார வைத்த பிறகுதான் எனக்குப் பகீரென்றது. புனிதரின் கையில் குழந்தை இயேசு. பிள்ளையைப் பறிகொடுத்தவரை இங்கேயா கொண்டுவந்து உட்கார வைத்தோம்? கப்பலில் காலரா கண்டு சாகக் கிடந்த போர்த்துக்கீசியர்கள் நேர்ந்துகொண்டு செதுக்கிய சுரூபம் என்று ஊரில் சொல்வார்கள். மைனி அந்தக் குழந்தையையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திடீரென்று ஒரு கதறல். மகனை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அண்ணன் எழுந்து கிட்டே போகப் பயந்து நின்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ, “பேய் ஆடுது” என்றார்கள்.

“விலகுட்டி! பேயுமில்ல, பிசாசுமில்ல. பெத்த வயிறு” என்று ஓர் ஆச்சி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். குளச்சல்காரர். 2004 சுனாமியில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர் என்று அப்புறம் தெரிந்தது. அழாதே என்று அவர் சொல்லவே இல்லை. “அழு மக்களே, அவரு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு” என்று மைனியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். ராத்திரி கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து ஊட்டினார். “நானும் பட்டினி கெடந்தவதான். இதே எடத்துல வச்சு எனக்கு ஒருத்தி ஊட்டுனா” என்றார். மைனி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எத்தனை கோயில் சாமியார்கள், எத்தனை சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார்கள்! கோடி அற்புதரான அந்தோணியார் எங்களுக்கு அனுப்பியது அந்த ஆச்சியை. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, ஆண்டவர் அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

அசனத்துக்கு வருவோம். சாமியார் ஜெபம் சொல்லிச் சாப்பாட்டை மந்திரித்ததும் பந்தி தொடங்கியது. சோறு, கறிக்குழம்பு, ரசம். மைனிதான் தூக்குவாளியோடு முன்னால் போனார். பாதிப் பந்தியில் ஒரு சின்னப்பெண் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தை தவறி ஒரு மாதம்தான் ஆகிறதாம், அவள் அம்மா சொன்னாள். மைனி வாளியை என்னிடம் நீட்டிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. வரிசை முழுக்கக் குழம்பு ஊற்றிவிட்டுத் திரும்பினால், மைனி சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு, “அந்தோணியாரே, அந்தோணியாரே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணை மறைத்தது. தோத்திரம் ஐயா, தோத்திரம்! வேறென்ன சொல்ல?

சாயங்காலம் வேன் வந்ததும் மைனி ஏறவில்லை. “இந்தப் பிள்ளை அடுத்த செவ்வாய் வரைக்கும் இங்கதான் இருக்கா. நானும் இருந்துட்டு வாரேன்” என்றார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் திசையன்விளைக்குப் போய் மாற்றுச் சேலையும் ஒரு பாயும் வாங்கிவந்து கொடுத்தார். மீந்த அரிசியை அம்மா அவர்களிடமே விட்டுவிட்டாள்.