ஊட்டிக் குளிரில் ஒரு ஞாயிறு

ஊட்டியில் மறுபடி உறைபனி. தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறதாம். மேகமும் காற்றும் இல்லாத இரவென்றால் தரையின் சூடு மேலே போய்விடும். அதனால்தான் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் விடியலில் விரல் விறைக்கிறது.

இன்று எங்கும் போவதாக இல்லை. கரி அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. (சன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், கரிப்புகை பொல்லாதது.) இஞ்சி தட்டிப் போட்ட டீ, அதில் நனைத்த வர்க்கி. ஓரம் ஊறி, நடுவில் மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும்போதே வாயில் போட்டுவிட வேண்டும், அதுதான் ருசி! அம்மா கம்பளியைப் போர்த்தியபடியே அவரைக்காய் உரிக்கிறார். மத்தியானம் அவரைக்கொட்டைக் குழம்பும் சுடுசோறும். அப்புறம் என்ன, பக்கத்தில் இருப்பவர்கள் தட்டோடு வந்துவிடுங்கள்.