சூட்டில் நின்றுபோகும் கார்

ரொறன்ரோவுக்கு வந்து சேரும் எம்மவர்களுக்கு ஒரு பழைய கார் ஆடம்பரம் அல்ல. ஸ்காபரோவில் வீடு, மார்க்கம் பக்கத் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு வேலை என்றால், அந்த நேரத்து பஸ்ஸை நம்பிப் புறப்பட முடியாது. என் நிலைமையும் அதுதான். கையிலிருந்த காசுக்கு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ஜப்பானியக் கார் ஒன்று கிடைத்தது. பாதுகாப்புச் சான்றிதழும் இருந்தது. ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்குச் செல்லும். பிரேக், ரயர், விளக்கு, ஸ்டியரிங் போன்றவை சரியாக இருக்கின்றன என்று சொல்லும். எஞ்சின் நடுவழியில் நிற்காது என்று அது எங்கும் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதை முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

குளிர்காலமும் வசந்தமும் ஒரு குறையுமின்றிக் கழிந்தன. யூலை மாத வெயில் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. காலையில் திறப்பைத் திருப்பிய உடனே எஞ்சின் பிடிக்கும். மத்தியானம் வெயிலில் நின்ற காரை எடுக்கப் போனால் ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். பிறகு ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோனது. பவர் ஸ்டியரிங்கின் பம்பை எஞ்சின்தான் சுற்றுகிறது. அதனால் எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே எஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, அபாய விளக்குகளைப் போட்டு, சாலையோரம் ஒதுங்கினேன். பக்கத்தில் பார ஊர்திகள் போகும் காற்றில் கார் ஆடியது. பின் சீட்டில் மகள் நித்திரை கலையாமல் இருந்தாள். அதன் பிறகு இந்தக் கோளாறைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

திருத்துமிடங்களுக்குக் கொண்டுபோனேன். ஓரிடத்தில் பற்றறி என்றார்கள். இன்னோரிடத்தில் பெற்றோல் பம்ப் என்றார்கள். வேறோரிடத்தில் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக மாற்றச் சொன்னார்கள். கார் அங்கே போய்ச் சேரும்போது குளிர்ந்திருக்கும், எந்தக் குறையும் காட்டாது. கோளாறைக் கண்ணால் காணாமலேயே அவரவர் அனுபவத்தில் அடிக்கடி கெட்டுப்போகும் பாகத்தைச் சொன்னார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் இடத்தில் ஒரு கார் எப்போது நிற்கும் என்று காத்திருக்க யாராலும் முடியாது. அது எனக்கு விளங்குகிறது. ஆனால் மாதச் சம்பளத்தில் பாதியை ஒரு ஊகத்துக்குக் கொடு என்று புதிதாக வந்த குடும்பத்திடம் கேட்பது சரியில்லை. இன்றும் அதுவே என் எண்ணம்.

வேலையிடத்தில் மானிப்பாயைச் சேர்ந்த அண்ணை ஒருவர் இருந்தார். 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காமல், பழைய ஒஸ்ரின் கார்களைப் பெற்றோல் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் அங்கே வாகனம் திருத்தியவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. எஞ்சின் எதைக் கேட்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு அப்போது வந்தது. இங்கே அவருக்கு மெக்கானிக் சான்றிதழ் கிடையாது. பெட்டி அடுக்கும் வேலைதான் செய்தார். அந்தக் கைத்திறன் இந்த நாட்டில் வீணாகிறதே என்ற கவலை எனக்கு இப்போதும் தீரவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "தம்பி, நிற்கிறபோது கூப்பிடும். ஓடுகிற காரில் நான் எதைப் பார்க்க?"

அடுத்த முறை வேலையிடத்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது கூப்பிட்டேன். வோல்ட் அளக்கும் சிறிய மல்டிமீட்டர், சோதனை விளக்கு, தீப்பொறி பார்க்கும் கருவி இவற்றோடு வந்தார். கார் ஆறுவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பதால் பேச்சே இல்லை. பற்றறி 12.6 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பத்துக்குக் கீழே இறங்கவில்லை; ஆகவே பற்றறியும் ஸ்டார்ட்டரும் கணக்கிலிருந்து நீங்கின. சுற்றும்போது டாஷ்போர்டில் எஞ்சின் வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கச் சொன்னார். முள் மெல்ல அசைந்தது. அது செத்துக் கிடந்திருந்தால், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சார் மீது சந்தேகம் போயிருக்கும். சூட்டில் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறுவது அதற்கும் வழக்கமான குணம். தீப்பொறியும் நீல நிறத்தில் பலமாக இருந்தது. மிஞ்சியது எரிபொருள்.

"இப்போது திறப்பை ஸ்டார்ட் வரைக்கும் திருப்ப வேண்டாம். ஒரு படி முன்னே நிறுத்தும். பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடும்."

ஊசிமூலம் எரிபொருள் செலுத்தும் கார்களில், அந்த நிலைக்குத் திறப்பு வந்ததும் பெற்றோல் பம்ப் ஏறத்தாழ இரண்டு வினாடி இரைந்து குழாயில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். என் காரில் அந்த இரைச்சல் இல்லை. பின் சீட்டைத் தூக்கி, பம்புக்குப் போகும் வயரில் சோதனை விளக்கை வைத்தார், விளக்கு எரியவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. பம்பில் பிழை இல்லை, பம்புக்கு மின்சாரமே வரவில்லை. பல நூறு டொலர் கொடுத்துப் பம்பை மாற்றியிருந்தாலும் அடுத்த வெயிலில் கார் நின்றிருக்கும்.

அந்த மின்சாரத்தை அனுப்பும் ரிலே என்ற மின் சுவிட்ச், ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டின் உட்புறத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டிக்குள் இருந்தது. எஞ்சின் கணினிக்கும் பம்புக்கும் அதுதான் வாசல். மூடிய காருக்குள் வெயில் ஏறும்போது முதலில் கொதிக்கும் இடமும் அதுவே. அன்று மாலை கார் குளிர்ந்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கையில், தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்தப் பெட்டிக்குச் சூடு காட்டினார். சில நிமிடங்களில் எஞ்சின் நின்றது. ஆறவிட்டார், பிடித்தது. மறுபடி சூடு காட்டினார், நின்றது. வேண்டும்போது வரவும் போகவும் செய்த பிறகுதான் அவர் அதைக் கோளாறு என்று ஒப்புக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றி மூடியைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் தந்தார். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோது, ரிலேயின் ஒரு கம்பிக்காலைச் சுற்றியிருந்த ஈயப் பற்றில் மயிரிழை வெடிப்பு மோதிரம்போல முழு வட்டமாக ஓடியது தெரிந்தது. சூட்டில் உலோகம் விரியும்போது வெடிப்பு விலகி மின்னோட்டம் அறுகிறது. ஆறினால் மீண்டும் தொட்டுக்கொள்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றுவைத்தார். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தில் பழகிய கை. பற்று பளபளவென்று படிந்தது. அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் கார் சூட்டினால் நிற்கவில்லை.

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கருவியைச் செருகும் பொதுவான ஓபிடி-2 இணைப்பு அமெரிக்காவில் 1996 இலும் கனடாவில் 1998 இலும்தான் கட்டாயமானது; என் கார் அதற்கு முந்தியது. புதிய கார்களிலும்கூட ரிலேக்கு வெளியே மின்சாரம் அறுந்துபோனதை எப்போதும் குறியீடு காட்டிக்கொடுக்காது. கருவி நல்லது, வாங்கி வைத்திருங்கள். அதோடு எந்த வெயிலில், எவ்வளவு பெற்றோல் இருக்கையில், எந்த வேகத்தில், எஞ்சின் வேக முள் உடனே விழுந்ததா மெல்ல விழுந்ததா என்று எழுதி வையுங்கள். திருத்துபவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

சனவரியில் வேறொரு கோளாறு வந்தது. வெளியே கடுங்குளிர், ஸ்டார்ட்டர் மெல்ல முனகியது. -18 பாகையில் பற்றறியின் சக்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும், எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடும். அதனால் எல்லோரும் பற்றறியைத்தான் குற்றம் சொல்வார்கள். இம்முறை மீட்டரை நானே பிடித்தேன். ஒரு முனையைப் பற்றறியின் மறை (−) முனையிலும் மறு முனையை எஞ்சின் உடலிலும் வைத்து, மனைவியைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மேல் காட்டியது. எஞ்சினைக் காரின் சட்டகத்தோடும் பற்றறியோடும் இணைக்கும் தரைக் கம்பி, தெருவில் கொட்டும் உப்பில் பச்சை பிடித்து உள்ளே உக்கிப்போயிருந்தது. பனியில் கீழே படுத்து வேலை செய்ய இடமில்லாததால் திருத்துமிடத்துக்குப் போனேன். இந்தக் கம்பியை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லி, எழுத்தில் மதிப்பீடு வாங்கினேன். ஒன்ராறியோச் சட்டப்படி இறுதிக் கட்டணம் அந்த மதிப்பீட்டைப் பத்து வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. வேண்டாம் என்று நாம் சொன்னாலொழியக் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். பழைய கம்பியைப் பையில் போட்டுத் தந்தார்கள். பற்றுச்சீட்டில் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதமும் எழுதியிருந்தது.