கருந்திரையோடு வந்த மடிக்கணினி: பயாஸ் மீட்டமைத்துப் பார்த்த அனுபவம்

பழுதான மடிக்கணினிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சரிசெய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. அண்மையில் வாங்கிய ஒன்று, பவர் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து விசிறியும் சுழல, திரையில் மட்டும் துளி வெளிச்சம்கூட வராத நிலையில் இருந்தது. "டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றினால் ஓடும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். திரை கறுத்திருப்பதாலேயே பழுது திரையில்தான் என்று ஆகிவிடாது. ஆகவே புதுத் திரைக்குப் பணம் போடுமுன், இயந்திரம் எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறது என்று பார்க்க நினைத்தேன்.

பின்னொளி மட்டும் பழுதாகியிருந்தால், இருட்டில் டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடிக்கும்போது படம் மங்கலாகத் தெரியும். இதில் எதுவும் தெரியவில்லை. எச்டிஎம்ஐ வழியாக இணைத்த வெளித்திரையும் கறுப்பாகவே இருந்தது. அடுத்துச் செய்த சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, ஆனால் அதுதான் அதிகம் சொன்னது: கேப்ஸ் லாக் விசையை எத்தனை தடவை அழுத்தியும் அதன் விளக்கு எரியவில்லை. கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ், விசைப்பலகைக்குப் பதில் சொல்லும் கட்டத்தைக்கூட எட்டவில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி. இதனால் திரை, வன்தட்டு, விண்டோஸ் ஆகிய மூன்றின் மீதிருந்த சந்தேகமும் பெருமளவு விலகியது.

அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றியதும், ரேம் அட்டைகளின் முனைகளைத் துடைத்து ஒவ்வொன்றாக இரண்டு ஸ்லாட்டுகளிலும் மாற்றிப் பொருத்தியதும் பலன் தரவில்லை. மிஞ்சியது பயாஸ் அமைப்புகள்தான்.

அடிமூடியைத் திறந்தால், விசிறிக்கு அருகே மஞ்சள் உறைக்குள் சிஆர் 2032 பொத்தான் பேட்டரி ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய கம்பிகள் மதர்போர்டில் உள்ள சிறிய இணைப்பியில் செருகப்பட்டிருந்தன. கம்பியைப் பிடித்து இழுத்தால் இணைப்பியே பெயர்ந்துவரக்கூடும் என்பதால், பிளாஸ்டிக் குச்சியால் தலைப்பகுதியை இருபுறமும் மெல்ல நெம்பித்தான் எடுக்க முடிந்தது. 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் மல்டிமீட்டர் 2.1 காட்டியது.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியிலேயே கடிகாரத்தையும் அமைப்புகளையும், பேட்டரியால் உயிர்வாழும் சிறிய சிமாஸ் நினைவகம் ஒன்று காத்து வந்தது. பேட்டரியைக் கழற்றினால் அமைப்புகள் அழியும் என்ற வழக்கு அந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததே. பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ கொண்ட இன்றைய கணினிகளில் அமைப்புகளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமலும் நிலைக்கும் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. ஆயினும் சிமாஸ் வெறுமையானதைக் கண்டதும் பல பயாஸ்கள் தொழிற்சாலை அமைப்புகளைத் தாமே ஏற்றிக்கொள்வதால், பழைய வைத்தியம் இன்னும் பலிக்கிறது. பயாஸ் கடவுச்சொல்லை நீக்கவும் இதே வழி போதும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் அது நடக்காது.

அடாப்டர், முதன்மை பேட்டரி, பொத்தான் பேட்டரி ஆகிய மூன்றையும் நீக்கி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்த பிறகு, அரை மணி நேரம் அப்படியே விட்டேன். முதன்மை பேட்டரியை மறந்துவிட்டுப் பொத்தான் பேட்டரியை மட்டும் கழற்றினால், பல கணினிகளில் சிமாஸுக்கு அங்கிருந்தே மின்சாரம் கிடைத்துவிடும், எதுவும் அழியாது. பின்னர் கம்பியோடு வரும் புதுப் பேட்டரியைப் பொருத்தி, அடாப்டரை மட்டும் இணைத்துப் பவர் பொத்தானை அழுத்தினேன்.

திரை மீண்டும் கறுப்பாகவே இருந்தது. கணினி தானாக ஒருமுறை அணைந்து எழுந்தது. இந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து அணைத்துவிடக் கூடாது. மீட்டமைத்தபின் முதல் முறை எழும்போது ரேமின் வேகத்தையும் நேரக் கணக்கையும் பயாஸ் புதிதாக அளந்துகொள்வதால் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். கேப்ஸ் லாக்கை அழுத்தினேன், விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில், தேதியும் நேரமும் சரியில்லை என்ற எச்சரிக்கையோடு திரையும் ஒளிர்ந்தது.

தேதியைத் திருத்தியபின் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றது. வன்தட்டோடு கணினி பேசும் முறைக்கான அமைப்பு ரெய்டு என்ற முறைக்கு மாறியிருந்ததே காரணம். அதை ஏஹெச்சிஐ என்ற மற்றொரு முறைக்கு ஆக்கியதும் விண்டோஸ் எழுந்தது. வன்தட்டிலுள்ள தரவைக் குறியாக்கிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இந்தக் கணினியில் இல்லை. இருந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டிருக்கலாம். சொந்தக் கணினியில் இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்தச் சாவியை முதலில் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

குணப்படுத்தியது புதுப் பேட்டரியா, அமைப்புகள் அழிந்ததா என்று அறியும் ஆவலில், பழைய பேட்டரியையே மறுபடி செருகிப் பார்த்தேன். கணினி தடையின்றி எழுந்தது. மற்ற இரு மின்வழிகளையும் சிறிது நேரம் துண்டித்து வைத்தபோது கடிகாரம் மட்டும் பின்தங்கியது. ஆகவே தீர்ந்துபோன பேட்டரி நேரடியாகக் கணினியை நிறுத்தவில்லை, சிதைந்த அமைப்பு ஏதோ ஒன்றில் பயாஸ் சிக்கிக் கிடந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. புதியதையே திரும்பப் பொருத்திவிட்டேன்.

பயாஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை பாக்கியிருக்கிறது. முதன்மை பேட்டரி இப்போது அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை; எழுதும்போது மின்சாரம் நின்றால் ஃபிளாஷ் சிப்பில் பாதி பயாஸே மிஞ்சும் என்பதால், வேறு பேட்டரி கிடைக்கும்வரை அதில் கைவைக்கப் போவதில்லை.